டீச்சர் வரும்வரை கிண்ணம்தான்

மார்ச் 4, திங்கள்

இன்று பதினோராம் எண் தடம். பிரேக் கொஞ்சம் இழுக்கிறது. பணிமனையில் எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் பேருந்துக்கே வயதாகிவிடும்.

வீட்டுக்கு வந்தால் டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, சீக்கிரத்தில் மேலே வரவில்லை. "மாவு பிசையிற மாதிரி அமுக்காதீங்க டிரைவர் சார், வலிக்குது" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை டிரைவர் சார் என்பாள், நான் அவளை டீச்சர் என்பேன். கிண்டலுக்காக ஆரம்பித்தது. இப்போது யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் சண்டை என்று அர்த்தம்.

எட்டாவது மாதம் இப்போதுதான் பிறந்திருக்கிறது. தலைவலி என்கிறாள். அத்தனை பேருக்குக் கணக்குச் சொல்லித் தந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? நாளைக்கு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போக வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

"கண்ணுக்கு முன்னாடி என்னவோ மின்னுது" என்றாள். அதற்குமேல் பேச்சில்லை. சமையலறைத் தரையில், கையும் காலும் வெட்டி வெட்டி —

எழுத முடியவில்லை.

மார்ச் 7, வியாழன்

இன்றும் எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

பெண் குழந்தை. நாள் ஆவதற்கு முன்பே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்காவிட்டால் இரண்டு பேருமே இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். ரத்த அழுத்தம் எகிறி வலிப்பு வந்து, மூளையில் ஓர் இடத்தில் ரத்தம் கசிந்திருக்கிறதாம். மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள். மூச்சை இயந்திரம் விடுகிறது.

"எழுந்திருச்சிடுவாளா டாக்டர்?"

"பாத்துக்கிட்டே இருக்கோம்."

நான் கேட்டது ஒன்று, அவர் சொன்னது ஒன்று. திரும்பக் கேட்கத் தைரியம் வரவில்லை.

டீச்சர் மூன்றாவது மாடியில். குழந்தை இரண்டாவது மாடியில். நடுவில் இருக்கும் படிக்கட்டில்தான் நான் குடியிருக்கிறேன். மேலே போனால் கீழே என்ன ஆனதோ என்று இருக்கிறது. கீழே வந்தால் மேலே என்ன ஆனதோ என்று இருக்கிறது. லிஃப்டில் ஏறினால் காவலாளி கத்துகிறான். ஸ்ட்ரெச்சருக்கு மட்டும்தானாம்.

குழந்தையைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தொப்பிக்குள் ஒரு முகம், என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மூக்கில் குழாய். எல்லோரும் சொல்வது போல அப்பா என்கிற பூரிப்பெல்லாம் வரவில்லை. பயம்தான் வந்தது.

என் கண்டக்டர் வந்து விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிப் போனான். "வண்டி உன்னத் தேடுதுடா" என்றான். சிரிக்க வைக்கப் பார்த்தான், பாவம்.

மார்ச் 9, சனி

டீச்சரின் அம்மா வந்துவிட்டார். துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர். வாழ்நாளெல்லாம் நின்று பழகியதால் ஆஸ்பத்திரியிலும் உட்காரவே மாட்டேன் என்கிறார். "உக்காருங்க அத்தை" என்றால் "இருக்கட்டும் மாப்ள" என்கிறார். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சேலைத் தலைப்பை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 11, திங்கள்

குழந்தைகள் அறையின் தலைமை நர்ஸுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருக்கிறேன். வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனால் அவர் உள்ளே நுழைந்தால், டிக்கெட் பரிசோதகர் ஏறிய பேருந்து மாதிரி எல்லோரும் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இன்று என்னைக் கூப்பிட்டார்.

"குழாய எடுத்துப் பாக்கலாம்னு இருக்கோம். கிண்ணத்துல குடிக்கிறாளான்னு பாக்கணும். யாரு குடுக்கப் போறீங்க?"

"நானா? ஆண்கள் உள்ளே வரக் கூடாதுன்னு போர்டு மாட்டியிருக்கே சிஸ்டர்."

"மாட்டினது நான்தான். நான் பாத்துக்கிறேன்."

மற்ற அம்மாக்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரு திரையை இழுத்துவிட்டு, மூலையில் எனக்கொரு ஸ்டூல் கொடுத்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். கழுவிக் காட்டினால் நகக்கண்ணைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். பேருந்து ஓட்டுகிறவன் நகத்தில் கிரீஸ் இல்லாமல் சந்தனமா இருக்கும்?

கிண்ணம் என்றால் மருந்துக் கிண்ணம்தான். சின்னது, விளிம்பு மழமழவென்று இருக்கிறது. இவ்வளவு பொடிசுக்குக் கிண்ணத்தில் கொடுப்பதா, பாட்டில் இல்லையா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பாடமே நடத்திவிட்டார்.

"பாட்டில்ல குடிக்கிற பழக்கம் வேற, அம்மாகிட்ட குடிக்கிற பழக்கம் வேற. ரப்பர் காம்பு பழகிட்டா சில பிள்ளைங்க அம்மாகிட்ட வாய் வைக்காது. சிலது வைக்கும். நமக்கு எதுக்கு அந்த வம்பு? இவங்கம்மா எழுந்து வந்து இவள மடியில போடும்போது, இவளுக்கு அந்த இடம் புதுசா இருக்கணும். அதுவரைக்கும் கிண்ணம்தான்."

எழுந்து வருவாள் என்று இந்தக் கட்டடத்தில் முதல்முதலாக ஒருவர் சொல்லிக் கேட்கிறேன். அதுவும் நாளைக்கு மழை வரும் என்பது போல அவ்வளவு சாதாரணமாக. கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 12, செவ்வாய்

குழந்தையைத் துணியில் சுற்றி, கையை உள்ளே வைத்து, மடியில் உட்கார்த்த வேண்டும். படுக்க வைக்கக் கூடாது. ஒரு கை பிடரிக்கும் தோளுக்கும் பின்னால். மறு கையில் கிண்ணம். விளிம்பு கீழ் உதட்டில் லேசாக உட்கார வேண்டும். பால் உதட்டைத் தொடும் வரைதான் சாய்க்கலாம். தொட்டதும் நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

"ஊத்தாதீங்க. காட்டுங்க. அவளே எடுத்துக்குவா."

காட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. தூங்குகிறாளா, முறைக்கிறாளா என்றே தெரியவில்லை. பாதிப் பால் சிந்திக் கழுத்துத் துணிக்குப் போனது. சாய்த்துவிடலாம் என்று கை பரபரத்தது. திடீரென்று நாக்கின் நுனி வெளியே வந்தது. தொட்டது. உள்ளே போனது. மறுபடி வந்தது. பூனைக்குட்டி போல நக்கி நக்கி எடுத்தாள். நெற்றி சுருங்கியது. எனக்கு அந்தச் சுருக்கம் தெரியும். டீச்சர் தப்பான கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் சுருக்குவாள்.

பால் யாரோ ஒரு அம்மா கொடுத்தது. ஆஸ்பத்திரியிலேயே பால் வங்கி வைத்திருக்கிறார்கள். அந்த அம்மா நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 14, வியாழன்

மேலே டீச்சரிடமிருந்தும் பால் எடுக்கிறார்கள். எடுத்துக் கொட்டுகிறார்கள். தற்செயலாகத்தான் பார்த்தேன். ஒரு நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு வந்து, சின்னப் பாட்டிலைக் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார்.

"ஏன் சிஸ்டர் கொட்டுறீங்க?"

"இவங்களுக்குப் போற மருந்தெல்லாம் பால்ல இறங்கும் சார். சின்னக் குழந்தைக்குக் குடுக்க வேணாம்னு சொல்லியிருக்காங்க. ஆனா எடுக்காம விட்டா வத்திடும். பின்னாடி வேணும்ல."

பின்னாடி வேண்டும். சரிதான். ஆனாலும் அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டுப் படிக்கட்டில் இறங்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறாள், பிள்ளை பிறந்ததே தெரியாது, உடம்புக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. அது பாட்டுக்குச் சுரக்கிறது. நடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். ஏறி வந்த ஒரு பெரியவர் ஒன்றும் கேட்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

மார்ச் 16, சனி

இன்று செய்தது நன்றாக இல்லை. ஆனால் என்னால் வேறு மாதிரி இருந்திருக்க முடியாது.

அத்தை ஒரு பை கொண்டுவந்தார். குட்டிச் சட்டைகள், தொப்பி, துண்டு. எல்லாவற்றையும் கடையில் போல ஒவ்வொன்றாக எடுத்து விரித்துக் காட்டினார். அடியில் ஒரு பால் பாட்டில். புதுசு, ரப்பர் காம்போடு.

"இது எதுக்கு அத்தை?"

"இல்ல மாப்ள… எவ்ளோ நாள் இப்படிச் சொட்டு சொட்டா குடுத்துக்கிட்டு இருப்பீங்க? நீங்க வேலைக்குப் போகணும். நானும் இங்கயே இருக்க முடியாது. இதுன்னா யாரு வேணாலும் குடுக்கலாம்."

"அவ எழுந்து வந்து குடுப்பா."

அவர் சட்டையை மடித்தார். அந்த மடிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க பொண்ணு செத்துட்டாளா அத்தை?"

நடைக்கூடமே திரும்பிப் பார்த்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "நான் அப்படிச் சொல்லல மாப்ள" என்றார். பின்ன என்ன அர்த்தம் இதுக்கு, பெத்தவ நீங்களே கைய விட்டுட்டா நான் யாருகிட்ட போய் நிக்கிறது என்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டு, பாட்டிலைக் குப்பைக்கூடையில் போட்டேன். அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு பேருல ஒருத்தியாவது வயிறு நெறையக் குடிக்கட்டும்னு நெனச்சேன்."

மார்ச் 17, ஞாயிறு

அத்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பாடு மட்டும் எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 19, செவ்வாய்

காலையில் டீச்சரை எழுப்பிப் பார்த்தார்கள். மருந்தைக் குறைத்ததும் மறுபடி வலிப்பு வந்துவிட்டது. திரும்பத் தூங்க வைத்துவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா. அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை.

அதே கையோடு கீழே வந்தேன். பால் கொடுக்கும் நேரம். கழுவினேன், உடுப்பை மாட்டினேன், பிள்ளையை வாங்கிக்கொண்டேன். கை அங்கே இருந்தது, நான் அங்கே இல்லை. அவள் மெதுவாகத்தான் குடித்தாள். சீக்கிரம் குடி, சீக்கிரம் குடிச்சு வளர்ந்துடு, ஏதாவது ஒண்ணாவது நடக்கட்டும் என்று உள்ளே ஒரே ஓட்டம். கிண்ணத்தைச் சாய்த்துவிட்டேன். ஒரு மடக்கு மொத்தமாக உள்ளே போய்விட்டது.

அழுகைகூட வரவில்லை. வாயைத் திறந்தாள், சத்தம் இல்லை. உதடு நீலமானது.

இன்ஸ்பெக்டர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. பிடுங்கிக் கவிழ்த்து முதுகில் தட்டி, குழாய் வைத்து உறிஞ்சி — என்னவெல்லாமோ செய்தார். நான் ஸ்டூலில் கிண்ணத்தைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்கக்கூடத் தோன்றவில்லை. பிறகு அவள் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டபோதுதான் எனக்கும் மூச்சு வந்தது.

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. "வண்டிய எடுத்தா நேரத்துக்குக் கொண்டுபோய் விடணும்னு இதையும் ஓட்டாதீங்க" என்றார். "குடிக்கலன்னா விட்டுடுங்க. மிச்சத்தக் குழாய்ல குடுத்துக்கலாம். இது அவளாக் குடிக்கணும்."

மூக்கில் திரும்பவும் குழாய். என்னால்.

மார்ச் 20, புதன்

அத்தையிடம் போனேன். என் கையை நானே நம்ப முடியாத நிலை. "பாட்டிலே குடுத்துடலாம் அத்தை. நீங்க சொன்னதுதான் சரி. நான் வேற ஒண்ணு வாங்கிட்டு வர்றேன்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு அந்தக் கத்து கத்துனீங்க. என் பொண்ணு வருவான்னுதானே கத்துனீங்க?"

"ஆமா."

"நான் பெத்தவ. எனக்கே வராத நம்பிக்கை உங்களுக்கு வந்துச்சேன்னு ராத்திரி பூரா அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். இப்ப நீங்களும் கைய விட்டா எப்படி? அந்த சிஸ்டர்கிட்ட சொல்லி எனக்குச் சொல்லித் தரச் சொல்லுங்க."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

மார்ச் 23, சனி

குழாய் எடுத்தாகிவிட்டது. கிண்ணம் அத்தை கையில். நான் பக்கத்தில் துண்டோடு.

எனக்குத் தெரியாத ஒன்று அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே பேசுகிறார். "இதப் பாருங்கம்மா. அவசரமில்ல. புடிச்சா எடுத்துக்குங்க. வேணாமா? சரி, வச்சிடுறேன். மறுபடி பாக்கணுமா? இந்தாங்க." பாப்பாவும் பெரிய வீட்டு அம்மா மாதிரி யோசித்து யோசித்து எடுத்துக்கொள்கிறாள். வற்புறுத்தினால் யாரும் துணி எடுக்க மாட்டார்களாம். "கடைய விட்டே போயிடுவாங்க மாப்ள" என்றார்.

மாலையில் என் கையில் கொடுத்தார். நானும் அப்படியே பேசிப் பார்த்தேன். மொத்தத்தையும் குடித்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

மார்ச் 26, செவ்வாய்

டீச்சர் கண்ணைத் திறந்தாள்!

மார்ச் 28, வியாழன்

வாயிலிருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். குரல் கரகரவென்று இருக்கிறது. வலது கை தூக்க வரவில்லை. இடது கையும் நடுங்குகிறது. சொற்கள் சில அகப்படுவதில்லை. தண்ணீர் என்று சொல்வதற்கு முன் அப்படித் தேடினாள்.

என்னைப் பார்த்தாள். இடது கையால் வயிற்றைத் தடவினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "எங்க?"

"கீழ இருக்கா டீச்சர். பொண்ணு. நல்லா இருக்கா. நல்லாக் குடிக்கிறா."

நம்பவில்லை. வயிற்றையே தடவிக்கொண்டிருந்தாள். அதில் இருந்தது தூங்கி எழுவதற்குள் காணாமல் போயிருக்கிறது. நான் வந்து கீழே இருக்கிறது என்கிறேன். யார்தான் நம்புவார்கள்?

ஏப்ரல் 1, திங்கள்

டீச்சரைச் சாதாரண வார்டில் ஒரு தனி அறைக்கு மாற்றினார்கள். தூக்க மருந்துகளை நிறுத்திவிட்டதால் இனிப் பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமாம். இன்ஸ்பெக்டரே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்தார். தலையணைகளை அடுக்கி, டீச்சரைச் சாய்த்து உட்கார்த்தி, பிள்ளையை நெஞ்சில் போட்டார். இதற்காகத்தான் இத்தனை நாளும். அத்தை ஜன்னல் ஓரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

பாப்பா முகத்தைத் தேய்த்தாள். நாக்கை நீட்டினாள். நக்கினாள். நிறுத்தினாள். மறுபடி நக்கினாள். கிண்ணத்தில் செய்வதை இங்கேயும் செய்தாள். பால் வரவில்லை. அழ ஆரம்பித்தாள். டீச்சரின் நெற்றியில் வேர்த்துவிட்டது.

"முத நாள் அப்படித்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏப்ரல் 4, வியாழன்

இன்றும் இல்லை.

ஏப்ரல் 6, சனி

பால் நின்றுவிட்டது. இத்தனை நாள் எடுத்துக் கொட்டியது போய், இப்போது எடுக்கவும் ஒன்றும் இல்லை. அவ்வளவு ரத்த அழுத்தமும் வலிப்பும் தாண்டிய உடம்பு, என்னதான் செய்யும். போதாததற்கு வலிப்புக்கான மருந்தை நிறுத்த முடியாது.

இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "வரும் வரும்னு நானும் பாத்தேன். உங்க யாரு மேலயும் தப்பில்ல. அவங்க பொழச்சதே பெருசு."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அப்படியானால் அந்த நாளெல்லாம் எதற்கு? அந்தத் தொட்டி எதற்கு? பிள்ளை நீலமானது எதற்கு? அவளுக்கென்று ஓர் இடத்தை ஒழித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றோம். வந்தாள். அந்த இடமே இல்லை.

மேலே போய் டீச்சரிடம் சிரித்துப் பேசினேன். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவள் உடம்பல்லவா.

ஏப்ரல் 9, செவ்வாய்

பாப்பா இப்போது அம்மாவின் அறையிலேயே இருக்கிறாள். நானும் அத்தையும் மாறி மாறிக் கொடுக்கிறோம். கை நன்றாகப் பழகிவிட்டது. இன்று டீச்சருக்குத் தெரிகிற மாதிரி கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து கொடுத்தேன். எப்படிக் குடிக்கிறாள் பார், நெற்றியைப் பார், அப்படியே நீதான் என்று பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறாள்.

"என்ன டீச்சர்?"

"நீங்க… நல்லா பண்றீங்க."

பாராட்டு இல்லை என்பது எனக்குக்கூடப் புரிந்தது.

"நான் குடுக்குறேன்" என்றாள். குடு என்று மடியில் வைத்தேன். கிண்ணத்துக்கு இரண்டு கை வேண்டும். ஒன்று பிடரியைத் தாங்க, ஒன்று கிண்ணத்துக்கு. வலது கை தலையணை மேல் கிடக்கிறது. நான் பிள்ளையைத் தாங்கிக்கொண்டேன். அவள் இடது கையால் கிண்ணத்தை எடுத்தாள். உதட்டுக்குப் போவதற்குள் ஆடி ஆடி, பால் முழுக்கப் பாப்பாவின் கழுத்தில். பிள்ளை வீறிட்டது. "பரவால்ல, பரவால்ல, குடு, நான் —" என்று கிண்ணத்துக்குக் கையை நீட்டினேன். பழக்கதோஷம்.

கிண்ணத்தைச் சுவரில் எறிந்தாள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை சத்தமாக அவள் என் பெயரைச் சொன்னதில்லை.

"எல்லாரும் குடுக்குறீங்க. அம்மா குடுக்குது. நீங்க குடுக்குறீங்க. நர்ஸ் குடுக்குறாங்க. யாரோ ஒருத்தி பால். நான்…" சொல் கிடைக்காமல் வாய் கோணியது. "நான் யாரு அவளுக்கு?"

நான் குனிந்து கிண்ணத்தை எடுத்தேன். அதைப் போய்க் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 10, புதன்

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். அவளுக்காகத்தான் கிண்ணத்தைப் பிடித்தேன். இப்போது அந்தக் கிண்ணம்தான் அவளைத் தள்ளி வைக்கிறது. அதைப் பிடிக்க என்னால் முடியும், அத்தையால் முடியும். பெற்றவளால் மட்டும் முடியாது. நாங்கள் இருவரும் கெட்டிக்காரர்களாக ஆக ஆக, அவள் கட்டிலில் ஒரு நோயாளியாக மட்டும் கிடப்பாள். பார்க்க வந்தவள் மாதிரி.

பாட்டில் என்றால்? பிள்ளையைத் தலையணையில் சாய்த்துப் படுக்க வைத்துவிடலாம். ஒரு கை போதும். கொஞ்சம் நடுங்கினாலும் வாயிலிருந்து கழன்றுவிடாது.

இன்ஸ்பெக்டரிடம் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அடிக்க வருவார் என்றுதான் நினைத்தேன். கையிலிருந்த பேனாவை மூடினார், திறந்தார்.

"நீங்க வந்து கேக்கணும்னு இருந்தேன்" என்றார். "துளை ரொம்பச் சின்னதா இருக்குற காம்பாப் பாத்து வாங்குங்க. எப்படிக் கொதிக்க வைக்கணும்னு உங்க அத்தைக்கு நான் சொல்லித் தர்றேன்."

"நீங்களே சொல்றீங்களே சிஸ்டர்."

"கைக்குத் தெம்பு வந்தா மறுபடி மாத்திக்கலாம். இப்ப அந்தப் பொண்ணு கையில ஏதாவது குடுங்க."

ஏப்ரல் 12, வெள்ளி

மருந்துக் கடையில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துப் போடச் சொல்லி, காம்பு காம்பாகப் பார்த்து, கடைக்காரரைக் கொலைவெறி கொள்ள வைத்து ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். அத்தை வாங்கி, கழுவி, கொதிக்க வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் நான் சங்கடப்படக் கூடாது என்று பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டரும் மேலே வந்தார். டீச்சரை உட்கார்த்தினோம். மடியில் தலையணை. வலது கைக்குக் கீழே இன்னொரு தலையணை. அந்தக் கையின் வளைவில் பாப்பாவைச் சாய்த்து வைத்தோம். கை அசையாவிட்டால் என்ன, அணைப்பதற்கு அசைய வேண்டியதில்லை. இடது கையில் பாட்டிலைக் கொடுத்தேன். நடுங்கியது. கொடுத்துவிட்டு என் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் அது தானாகப் போய்ப் பிடித்துவிடும்.

காம்பு உதட்டில் பட்டது. பாப்பா நாக்கை நீட்டி அதை நக்கினாள். சுற்றிச் சுற்றி நக்கினாள். இது என்ன புதுக் கிண்ணம் என்று நெற்றியைச் சுருக்கினாள். டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் ஒரு பக்கம்தான் சிரித்தது. எழுந்த நாளிலிருந்து இன்றுதான் சிரித்தாள்.

"மக்கு" என்றாள் பிள்ளையிடம். சொல் தடுமாறாமல் வந்தது. "இப்படி இல்ல. வாயத் தொற. ஆ."

"கொஞ்சம் மேல தூக்கு" என்றேன். "இல்ல, அவ்வளவு வேணாம், மொத்தமா எறங்கிடும் —"

நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பறையில் கடைசி பெஞ்சைப் பார்க்கும் பார்வை.

"டிரைவர் சார், நீங்க வெளிய இருங்க. பாத்துக்கிட்டே நின்னா எனக்குக் கை நடுங்குது."

"புரையேறிட்டா?"

"நான் பாத்துக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு நின்றார். அவர் போகப் போவதில்லை என்று தெரிந்ததால் நான் வெளியே வந்தேன். அத்தையும் வந்தார். கதவைச் சாத்தினேன்.

நடைக்கூடத்துப் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். என் காது கதவிலேயே இருந்தது. கூப்பிட்டால் ஓட வேண்டுமே என்று ஒரு காலை முன்னால் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உள்ளே பிள்ளை ஒருமுறை சிணுங்கியது. பாதி எழுந்தேன். அத்தை என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். டீச்சரின் குரல் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு சத்தம் இல்லை.

வெகு நேரம் ஆனது. என்னை யாரும் கூப்பிடவில்லை.